எண் போட்ட கற்கள்

விரிவாக்கத்துக்காகப் பிரித்த ரயில் நிலையத்தின் பழைய முகப்பு வளைவு, நானூற்றுப் பன்னிரண்டு கற்களாக முதல் நடைமேடையில் கிடக்கிறது. காலை வெயிலில் ஒவ்வொரு கல்லும் ஈரம் சொட்ட மின்னுகிறது. புது வாசலில் எந்தக் கல் எங்கே உட்கார வேண்டும் என்று மேஸ்திரி மூன்று வாரமாகச் சாக்பீஸால் எழுதிய எண்களில் ஒன்றுகூட இல்லை. அவர் ஒரு வெறுங்கல்லைத் தடவிப் பார்த்துக் கேட்கிறார். “யாரும்மா இதப் பண்ணது?” துப்புரவுப் பெண் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். “நான்தாண்ணே. பெரிய அதிகாரி பார்க்க வர்றாராமே. எவனோ கல்லு முழுக்கக் கிறுக்கி வெச்சிருந்தான். ஒண்ணு விடாம தேய்ச்சுட்டேன்.” பாராட்டுக்குக் காத்திருக்கும் அந்த முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவள் காலடியில் வாளித் தண்ணீர் சாக்பீஸ் கரைந்து பால்போல வெளுத்து நிற்கிறது. அதைத் தண்டவாளத்தில் ஊற்ற அவள் தூக்குகிறாள். “கொட்டிடாதம்மா,” என்கிறார் மேஸ்திரி.