முதல் குழாய்

"அக்கா ராஜினாமா எழுத மாட்டாங்க சார்."

மேலாளர் கேட்டது மருந்து நிரப்பும் மெஷினில் நிற்கும் அக்காவை. பதில் சொன்னது லேபிள் ஒட்டும் பெண். அக்காவின் பதினோரு வருட வேலை, இவள் வாயால் இன்றே போய்விடும் போலிருந்தது.

"சும்மா இரும்மா," என்று அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

மேஜைமேல் ஆறு மருந்து பாட்டில்கள். எல்லாமே அரைகுறையாக நிரம்பி, கடைகளிலிருந்து திரும்பி வந்தவை.

"மெஷின்ல நிக்கிறவங்க தூங்கினா இப்படித்தான்," என்றார் மேலாளர்.

"லேபிள்ல குழாய் நம்பர் இருக்கு, பாருங்க. ஆறும் முதல் குழாய். மெஷின்ல குழாய் எட்டு. அக்கா ஒரு குழாய்க்கு மட்டும் தூங்குவாங்களா?"

மேலாளர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "அளவு குறைஞ்சா மெஷின் தானா நிக்கணுமே?"

"நிக்கும் சார்," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொறியாளர். "மெஷினை நிறுத்தற புரோகிராமை எழுதினதுக்குத்தானே எனக்குப் பதவி உயர்வே குடுத்தீங்க? அதுல தப்பு வராது."

"வந்திருக்கு," என்றாள் அவள். "எட்டுக் குழாயோட அளவும் அர்ரேங்கற பட்டியல்ல வரிசையா இருக்கு. புரோகிராம் எழுதின சி மொழியில அந்த வரிசை எண் பூஜ்யத்துல தொடங்கும். ஒவ்வொண்ணா பார்த்துட்டு வர்ற லூப், ஒண்ணுல தொடங்குது. முதல் குழாயைத் தொடவே இல்ல. அது அடைச்சுக்கிட்டாலும் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும்."

"சாயங்காலக் கம்ப்யூட்டர் வகுப்புல நாலு நாள் உட்கார்ந்துட்டு எனக்கே பாடமா? போய் லேபிளை நேரா ஒட்டு."

"நேராத்தான் ஒட்டறேன். நீங்க பதினாலாவது வரியை நேராக்குங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது கதை.

மேலாளர் நிமிர்ந்தார். "அந்தப் புரோகிராமை நானே பார்த்ததில்ல. இவர் கம்ப்யூட்டர்ல பூட்டிக் கிடக்கு. வரி நம்பர் வரைக்கும் உனக்கெப்படித் தெரியும்?"

"விடுங்க சார்," என்று பொறியாளர் அவசரமாக எழுந்தார். "நானே சரிபார்த்துக்கறேன். அக்கா வேலையைப் பார்க்கட்டும்."

"நீ சொல்லும்மா."

இத்தனை நேரம் கணீரென்று பேசியவளின் குரல் முதல்முறையாகத் தணிந்தது.

"போன வருஷம் இவர் கேட்டார்னு நான்தான் எழுதிக் குடுத்தேன் சார். தப்பு என்னோடது, பேர் மட்டுந்தான் அவரோடது."