பச்சைச் சுடர்

1984 ஜூன் 12, லப்பைக்குடிக்காடு. ஜுலைகா வீட்டு ஃபிரிட்ஜ் ஒரே வாரத்தில் இரண்டாம் முறையாகக் குளிராமல் நிற்கிறது. அவள் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அதற்குள்தான் இருக்கிறது. அரியலூர் மெக்கானிக் இளையபெருமாள் மண்டியிட்டு, சோதனை விளக்கின் ரப்பர் குழாயை ஃபிரிட்ஜின் பின்னால் நகர்த்துகிறார். ஃபிரிட்ஜைக் குளிரவைக்கும் கேஸ் கசியும் இடத்தில் விளக்கின் நீலச் சுடர் பச்சையாகும். கம்ப்ரசர் பக்கம் பச்சை. கதவருகிலும் பச்சை. வெறும் சுவரோரம் பிடித்தாலும் அதே பச்சை அவர் மூக்குக் கண்ணாடியில் ஆடுகிறது. வேர்வை விளக்கின் மேல் சொட்டுகிறது.

"ரூம் பூரா கேஸு நிக்குது. சன்னலத் தொறங்கம்மா."

"தெருவுல ஆம்பளைங்க நிக்கிறாங்க," என்கிறாள் ஜுலைகா, திரைக்குப் பின்னாலிருந்து. "முந்தாநாளும் இப்படித்தான் வெளக்கு காட்டுனீங்க. கண்ணேறா கழிக்கிறீங்க?"

அவர் விளக்கை அணைத்துவிட்டு, சோப்பு நுரையைக் குழாய் இணைப்புகளில் தடவுகிறார். நுரை அசையவில்லை. கடைசியாக ஐஸ் அறைக்குள் தடவுகிறார். அங்கே அலுமினியத் தகட்டில் ஒரு கீறல்; அதன் முனையில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன.

"கத்தி வச்சீங்களாம்மா?"

"மாமனாரு நோன்பு தொறக்க சர்பத்துக்கு ஐஸு வேணும்ல. ஒட்டிக்கிட்டு வரல, நெம்புனேன்."

"அலுமினியம்ங்க. ஓட்டைய நான் பத்த வச்சா தகடே உருகிடும். ஃபிரிட்ஜு திருச்சிக்குத்தான் போவணும்."

"அப்ப என் மருந்து?"

இளையபெருமாள் கையைத் துடைத்துக்கொள்கிறார். நான்கு மணி பஸ்ஸில் இன்சுலின் பெரம்பலூர் மருந்துக்கடை ஃபிரிட்ஜுக்குப் போகிறது. நாளை முதல் ஜுலைகா தினமும் ஊசிக்கு அங்கே போக வேண்டும்.