பேர் தெரியாத அத்தி

மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு அத்திச் செடி மண் தொட்டியில் வளர்ந்தது. ஏதோ பழைய தோட்டத்து மரத்திலிருந்து ஒடித்து வந்து நட்ட குச்சி. என்ன ரகம் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது.

ஒரு நாள் மைனா வந்து, "நீ என்ன ரகம்?" என்று கேட்டது.

"தெரியலையே. நீதான் பார்த்துச் சொல்லேன்" என்றது அத்தி.

மைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அணிலையும் கூட்டி வந்தது. இலைக்கு ஐந்து விரல் என்றது மைனா. மூன்றுதான் என்றது அணில். கடைசியில், பழம் வந்தால்தான் சொல்ல முடியும் என்று இரண்டும் ஒத்துக்கொண்டன. அதுவரை தினமும் வந்தன. மைனா புழு பொறுக்கியது. அணில் மண்ணைக் கிளறியது.

பழம் பழுத்தது. பச்சைத் தோல், உள்ளே செக்கச்செவேல்.

"தேன் மாதிரி இருக்கு. ஆனா ஒரு பழத்தை வச்சு எப்படிச் சொல்றது?" என்றது மைனா.

"இன்னொண்ணு பார்ப்போம்" என்றது அணில்.

ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் கட்டாயம் கண்டுபிடிச்சிடலாம்" என்று சொல்லிக் கிளம்பின.

அப்போது டேங்கு கேட்டது: "ஏன் அத்தி, வந்த அன்னிக்கு நான் கேட்டதும் உன் பேர், உங்கம்மா பேர் எல்லாம் கடகடன்னு சொன்னியே. இவங்ககிட்ட மட்டும் ஏன் தெரியாதுன்னே?"

"உன்கிட்ட சொன்னேன்" என்றது அத்தி. "அதுக்கப்புறம் நீ இன்னிக்குத்தானே வாயைத் திறக்கிறே!"