தேங்கிய தண்ணீர்

"பத்து மணிக்கு ஆபீசருங்க வர்றாங்க. இன்னிக்குன்னு பார்த்து வாசல்ல சாக்கடையத் தேங்கவிட்டு உட்கார்ந்திருக்கியே, நாயமா?" என்றார் எதிர்வீட்டு அரிகிருஷ்ணன்.

தனக்கொடி படியை விட்டு எழவில்லை. சாரம் பகுதியில் மூன்று தெருக்களைப் பார்த்துவிட்டு, அவற்றில் ஒன்றுக்கு மட்டும் மூடிய வாய்க்கால் கட்டித்தர அரசும் ஒரு தொண்டு நிறுவனமும் முன்வந்திருந்தன. மழை பெய்தால் சாக்கடை முதலில் நுழைவது தனக்கொடியின் வீட்டுக்குள்தான்.

"மகாராணி கையில அழுக்குப் படக்கூடாதாம். வுடுங்க, நானே அள்ளிடறேன்" என்று பக்கத்து வீட்டுப் பூவிழி மண்வெட்டியை எடுத்தாள்.

தனக்கொடி அதைப் பிடுங்கித் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"யாரும் தொடாதீங்க. அவங்க வந்து பார்க்கட்டும்."

"இந்தத் தடவையும் கைவிட்டுப் போச்சுன்னா, தெருவுல ஒருத்தரும் உன்கிட்டப் பேசமாட்டோம்" என்றாள் பூவிழி.

தனக்கொடி பதில் சொல்வதற்குள் ஜீப் வந்துவிட்டது. இறங்கிய எஞ்சினியரின் செருப்புக்குள் கறுப்புத் தண்ணீர் ஏறியது. அவர் முகம் சுளித்து நாலாபக்கமும் பார்த்தார். தாளில் இந்தத் தெருவின் பெயரை முதலாவதாக எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"போன வருஷம் வந்தப்ப பளிச்சுன்னு இருந்துச்சே. அவசரமில்லன்னு நான்தான் எழுதிட்டுப் போனேன். இப்ப பெருக்கறதுக்கு ஆள் வர்றதில்லையா?"

தனக்கொடி மெல்ல எழுந்தாள்.

"அந்த ஆளு நான்தான் சார். பதினோரு வருஷமா நீங்கல்லாம் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே அள்ளிடுவேன். இன்னிக்கி ஒரு நாள் லீவு போட்டேன்."