கேட்டது கிடைத்த பிறகு

சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் தையல்காரர் மனைவியைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

“நீங்களே கேளுங்க ஐயா. இவ கோயில் பக்கம் எட்டிப் பாத்தே மாசக்கணக்காகுது. ஞாயித்துக்கிழமை வந்தா தலைவலியும் வந்துடும். விடியக்காலையில எழுந்து நான் சத்தமா வேதம் வாசிச்சா, தலையணையால காத மூடிக்கிறா.”

மனைவி போதகருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“ஆண்டவர் மேல ஏதாவது வருத்தமாம்மா?” என்றார் போதகர்.

“வருத்தமெல்லாம் இல்லைங்க ஐயா. வருஷக்கணக்கா ஒண்ணே ஒண்ணத்தான் அழுது அழுது கேட்டேன். அது கிடைச்சிடுச்சு. அதுக்கப்புறம் முழங்கால் போட்டா என்ன கேக்கறதுன்னே தெரியல. அப்படியே விட்டுப்போச்சு.”

“அப்படி என்னம்மா கேட்டீங்க?”

“ஞாயித்துக்கிழமைகூட மெஷினே கதின்னு கிடந்த இந்த மனுஷன் கோயிலுக்கு வரணும்னுதான்.”

தையல்காரர் அவசரமாகத் தேநீரை எடுத்துக் குடித்தார்.

மறுநாள் விடியற்காலை அவர் எழுந்தபோது பக்கத்தில் மனைவி இல்லை. சமையலறையில் முழங்காலிட்டிருந்தாள். கண் கலங்கிப்போய் அவர் கதவோரம் நின்று அவள் ஜெபத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்.

“ஆண்டவரே, கேட்டதுக்கு மேலயே கொடுத்துட்டீங்க. இவர் வாசிக்கட்டும், வேண்டாங்கல. அந்தச் சத்தத்த மட்டும் கொஞ்சம் குறைச்சு விடுங்க.”

தையல்காரர் ஓசைப்படாமல் திரும்பி வந்தார். இதுவும் கிடைத்துவிட்டால் மறுபடியும் ஜெபத்தை விட்டுவிடுவாளே என்று தோன்றியது. வேதத்தைத் திறந்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே வாசிக்கத் தொடங்கினார்.