கம்பிக்குள் சிவப்பு

முதல் துப்பாக்கியில் கிரீட முத்திரை. இங்கிலாந்து.

இரண்டாவதன் மரத்துக்குள் சிறிய செப்புத் தகடு. ஆஸ்திரேலியா.

மூன்றாவதை அவள் விளக்கின் கீழே திருப்பினாள். குழலைத் தாங்கும் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு. இந்தியாவில் செய்தது.

ரெஜிமென்ட் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் இரண்டுக்குத்தான் இடம். எந்த இரண்டு என்று எழுதிக் கொடுக்க அவளை அழைத்திருந்தார்கள்.

மூன்றாவதன் குழலையும் மரத்தையும் சேர்த்துச் செப்புக் கம்பி இறுக்கிச் சுற்றியிருந்தது. கையெறி குண்டை முனையில் மாட்டி ஏவும் வகை. குழல் வெடித்தால், முன்கட்டையைப் பிடித்திருக்கும் இடது கைக்கு அந்தக் கம்பிதான் காவல்.

இந்தக் குழல் வெடித்திருந்தது.

கம்பி ஓரிடத்தில் புடைத்து நின்றது. அறுந்திருக்கவில்லை.

சுற்றுகளுக்கு இடையே சிவப்பு.

'துரு' என்று எழுதினாள். அதன் கீழே, 'உருக்க அனுப்பலாம்.'

வெளியே ஆயுத பூஜை முடிந்திருந்தது. கையில் சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற ஹவில்தார் தணிகாசலம். வருஷம் தவறாமல் வருவார் என்று வாசல் காவலர் சொல்லியிருந்தார்.

மற்ற இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

கம்பி புடைத்த இடத்தில் சந்தனம் வைத்தார். அதன்மேல் குங்குமம்.

பிறகு தாளை எட்டிப் பார்த்தார். முதல் வரியோடு நின்றுவிட்டார்.

"துருவா? நல்லா இருக்கும்மா! என் வீட்டுக்காரி நெத்தியில கூட இத்தனை வருஷம் நான் வெச்சுவிட்டதில்ல. கேட்டா சண்டைக்கு வருவா."

அவள் பஞ்சை நனைத்து, புதுக் குங்குமம் படாத சுற்றுகளுக்கு இடையே ஒற்றினாள். சிவப்பு கரைந்து பஞ்சில் ஏறியது.

துரு கரையாது.

'துரு' என்பதை அடித்துவிட்டுக் 'குங்குமம்' என்று எழுதினாள். அடுத்த வரி அப்படியே இருந்தது. பேனாவை மூடினாள்.

மேசையில் பூஜைப் பொரி இருந்தது. சும்மா அனுப்ப மனம் வரவில்லை. ஒரு கை அள்ளி நீட்டினாள்.

அவர் இடது கையை நீட்டினார்.

வலது கையில் ஒன்றும் இல்லை. கிண்ணத்தைக்கூடக் கீழே வைத்திருந்தார்.

அவள் தயங்கினாள்.

"இதுலயே போடும்மா. இன்னிக்கு இதுக்குத்தான் பூஜை."

கொட்டினாள்.

விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. ஒரு பொரிகூடக் கீழே சிந்தவில்லை.

அவள் பேனாவை மறுபடி திறந்தாள்.