ஒரு கிண்ணம் தயிர்

“வந்துட்டாரு பாரு, ஏழு மணி ஷிப்டுக்கு. நம்ம வீட்ல பஞ்ச் மிஷின் வெக்கறதுதான் பாக்கி” என்றான் சந்தோஷ் மனைவி சுசித்ராவிடம், ஷூ மாட்டிக்கொண்டே. “நான் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? இன்னியோட முடிச்சு வுட்டுடு.”

வாசலில் எதிர்வீட்டு வெங்கடசாமி. தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டு, கையில் சின்ன எவர்சில்வர் கிண்ணத்துடன் நின்றார். மனைவி நஞ்சம்மா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர் தினமும் இங்கே வருவதைப் பற்றி மத்திகிரி லைன் வீடுகளில் ஏற்கெனவே பேச்சு கிளம்பியிருந்தது.

முதல் நாள் அவர் சொன்ன காரணம் சரியாகத்தான் இருந்தது. “காரியத்துக்கு ஊருக்குப் போய்ட்டு வந்து பாத்தா, எங்க வீட்டுத் தயிரு பூஞ்சை புடிச்சுக் கெடக்குதும்மா. களிக்கு ஊத்திக்கக் கொஞ்சம் குடேன்.” அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. உறை ஊற்றத் தெரியாதாம். பாக்கெட் தயிர் வாங்கி நீட்டினால், “வயித்துக்கு ஒத்துக்காது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சுசித்ராவால் முகத்துக்கு நேரே ‘வராதீங்க’ என்று சொல்ல முடியவில்லை. போன வருஷம் மருந்து மாத்திரையால் வயிறு கெட்டு, அவள் குழந்தை துவண்டு கிடந்தது. “மருந்து நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுடுச்சு. வீட்டுத் தயிர் குடுங்க, அதுல இருக்கறது உசுருள்ள கிருமி” என்றார் டாக்டர்.

நஞ்சம்மாதான் ஒரு சொம்புத் தயிரோடு ஓடி வந்தாள். குழந்தை தேறியது. மிச்சத்தில் ஒரு கரண்டி எடுத்துப் பாலில் உறை ஊற்றினாள் சுசித்ரா. அன்றிலிருந்து இந்த வீட்டில் தயிர் தீர்ந்ததே இல்லை.

நேற்றுவரை.

“தீந்து போச்சுண்ணா. இனிமே எங்க வீட்லயும் பாக்கெட்தான்” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“உறைக்கு எடுத்து வெச்சிருப்பியே. ஒரு கரண்டி?”

“அதையும் சேத்து மோர்க்குழம்பு வெச்சிட்டேன். சட்டியையும் கழுவிக் கவுத்தாச்சு.” அவளுக்கே பாவமாக இருந்தது. “குழம்பு தரட்டுமா? களிக்கு நல்லாருக்கும்.”

வெங்கடசாமி உள்ளே கவிழ்ந்து கிடந்த சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப, நஞ்சம்மா இன்னிக்குத்தாம்மா செத்தா.”